குரலும் விதைநெல்லே!

(பெரும்போக அறுவடை முடிந்தபின் கிரானில் உழவரும் ஆசிரியரும் கூத்துக் கலைஞரும் கூடிய அவையில், நாட்டார் இசையின் ஒலிப்பதிவு குறித்து நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்.)



வட்டையிலே வேலை ஓய்ந்து, நெல் வீடு சேர்ந்து, நெஞ்சு சற்றே ஆறியிருக்கும் இவ்வேளையில் உங்கள்முன் பேசக் கிடைத்தது என் பேறு. மழை மிகுந்தால் இக்கிரான் பாலத்து வழி நீரில் மூழ்கும். புலிபாய்ந்தகல் பக்கத்து வயலுக்குப் போக உழவு இயந்திரத்தையோ தோணியையோ நாடவேண்டும். அத்தனை இடர்களையும் தாண்டி விளைவித்த நெல்லிலே முதற்கண் நீங்கள் செய்வது யாது? விதைக்கென ஒரு பங்கைப் பிரித்து வைக்கின்றீர்கள். கடன்காரன் வாயிலில் நின்றாலும், பிள்ளையின் கலியாணம் நெருங்கினாலும், அம்மூட்டையில் கைவைக்க மனம் ஒப்புவதில்லை. விதைநெல்லைத் தின்றவன் மறுபோகத்தில் மாற்றான் வாயிலில் நிற்பான் என்பதை உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நெல்லிலே இத்துணை விழிப்புடைய நாம், நம் குரலிலே எத்துணை விழிப்புடன் இருந்தோம்? களரியிலே விடியவிடிய ஒலித்த வடமோடிக்கும் தென்மோடிக்கும், கண்ணகி கோயிற் குளுத்திப் பாட்டுக்கும், வசந்தனுக்கும், வயலிற் பாடிய கவிக்கும், வாவியில் வலையிழுத்தோர் பாடிய அம்பாவுக்கும் விதைமூட்டை எங்கே இருக்கின்றது? இந்த ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கவே வந்துள்ளேன்.

யாழை இழந்த கதை

இசையை இழந்தால் மீட்பது எளிதன்று. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. இம்மாவட்டத்தின் தென்பால் காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகளின் வாழ்வே போதும்.

பண்டைத் தமிழர் கையில் யாழ் இருந்தது. நூல்கள் அதனைப் போற்றின. புலவர் அதன் உறுப்புகளை எடுத்துரைத்தனர். ஆயினும் ஒருநாள் அதனை மீட்டும் கை ஓய்ந்தது. சொல் எஞ்சியது, ஒலி மறைந்தது. மறைந்த ஒலியைத் தேடி அடிகள் பல்லாண்டு உழைத்தார். அவர் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவர், கணக்கிலே வல்லவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை ஒருபாலும், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள எண்ணுறவை மறுபாலும் வைத்துக் கணித்து, யாழ் இவ்வாறு ஒலித்திருக்கும் என்று நிறுவ முயன்றார். அவ்வுழைப்பின் பயனே 1947 ஆம் ஆண்டு சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ்நூல். அரங்கேறிய அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார்.

நண்பர்களே! அவ்வளவு பெரிய அறிவும் அத்தனை ஆண்டுகளும் எதற்குச் செலவாயின? ஒரு பாணன் தன் யாழை மீட்டிய ஒரு நாழிகை ஒலி நம் கையில் இருந்திருந்தால், தேடிய காலத்தை அவர் ஆக்கத்துக்குச் செலவிட்டிருப்பார் அல்லவா? அக்காலத்தில் ஒலியைப் பிடிக்கும் கருவி இல்லை. ஆகவே பாணரைக் குறைகூற எவராலும் இயலாது. எடிசன் 1877 இல் குரலைப் பதிந்து காட்டியபின் பிறந்த நமக்கோ அந்தச் சாக்கு இல்லை. கருவி இருந்தும் கைவிட்டோர் என்ற பழி நம்மைச் சாரும்.

மீனுக்குக் கிடைத்த பேறு

மட்டக்களப்பைப் பாடும் மீன்களின் நாடு என்று உலகம் அறியும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் நம் வாவியின் அடியிலிருந்து எழும் அந்த இன்னொலியை ஒலிநாடாவிற் பதிந்தார். இலங்கை வானொலியிலே அது ஒலித்தது. வாவியைக் காணாதோரும் அதன் பாட்டைக் கேட்டனர். அத்துறவிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஆனால் ஒன்று கேட்கின்றேன். அதே காலத்தில் இவ்வாவியின் இரு கரையிலும் எத்தனை அண்ணாவிமார் மத்தளம் தட்டிப் பாடினர்! எத்தனை தாய்மார் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினர்! மீனின் குரலைப் பதிவதற்கு ஒருவர் வந்தார். மனிதரின் குரலைப் பதிவதற்கு எத்தனைபேர் வந்தனர்?

எவருமே ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நன்றி கொன்றதாகும். சதாசிவ ஐயர் வசந்தன் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். வி. சீ. கந்தையா 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினார். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிலே 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ என விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றி, கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று இகழ்ந்த கற்றோரைத் தலைநிமிர்ந்து பார்க்கவைத்தார். அவ்வாட்டத்தில் நின்ற மாணவர் மௌனகுரு, பின்னர் பேராசிரியராகி மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார்.

இவையெல்லாம் பெருந்தொண்டுகள். எனினும் அச்சுநூல் சொல்லைத் தாங்கும். தாளக்கட்டையும் ஓரளவு எழுதிக்காட்டும். அண்ணாவியார் ஓர் அடியை எங்கே இழுத்தார், எங்கே மூச்சு வாங்கினார், மத்தளம் எந்த இடத்தில் குரலை முந்திற்று என்பதை அச்செழுத்துத் தாங்காது. அது காதுக்கு உரியது. காதுக்கு உரியதைக் காதுக்கே விட்டுச்செல்ல ஒலிப்பதிவு ஒன்றே வழி.

என் வீட்டுக் குற்றம்

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றேன். என் அம்மப்பா உழவர். களவெட்டியிலே பொலி பாடுவதிற் பேர்பெற்றவர். 1980களில் என் மாமா அரபு நாட்டிலிருந்து ஒலிநாடாக் கருவியொன்று கொண்டுவந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். விளையாட்டாக ஓரிரவு அம்மப்பாவைப் பாடச்சொல்லிப் பதிந்தேன். நாடாவின் ஒரு பக்கம் முழுவதும் பாடினார். சில வாரம் எல்லோரும் கேட்டு மகிழ்ந்தோம். பின்னர் புதுப்படமொன்றின் பாட்டுகள் வேண்டியிருந்தன. வெற்று நாடா வாங்கக் காசில்லை. அந்த நாடாவின்மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்தேன்.

அம்மப்பா காலமாகி ஓராண்டு கழிந்து, திவச நாளன்று அம்மா அந்த நாடாவைக் கேட்டார். போட்டுப் பார்த்தோம். சினிமாப் பாட்டு முடிந்தபின், நாடாவின் கடைசியில் அரை நிமிடம் எஞ்சியிருந்தது. அதிலே பாட்டு இல்லை. ஓர் இருமல், பின்னர் ‘போதுமா தம்பி?’ என்ற கேள்வி. அவ்வளவே. அம்மா ஒன்றும் பேசாது எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

அன்றே இத்தொழிலைக் கற்பது என்று முடிவு செய்தேன். அதன்பின் பல ஊர்களில் அலைந்திருக்கின்றேன். என் கதை ஒரு வீட்டுக் கதையன்று. 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும், 2011 சனவரி வெள்ளத்திலும், நெடும்போரிலும் இடப்பெயர்விலும் ஏடும் நாடாவும் எவ்வளவோ அழிந்தன. அவற்றோடு, நம் கவலையீனத்தால் அழிந்தவற்றையும் கணக்கில் எழுதவே வேண்டும்.

பதியும் முறை

இனித் தொழிலுக்கு வருவோம். ‘எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றதே, இனி என்ன குறை?’ என்று இளைஞர் கேட்கின்றனர். ஒன்றுமில்லாததற்குக் கைத்தொலைபேசி மேலானது, ஐயமில்லை. ஆயினும் அது மனிதர் பேசுவதற்கென ஆக்கப்பட்ட கருவி. ஒலி பெருத்தால் தானே தணிக்கும். ஒலி சிறுத்தால் தானே உயர்த்தும். மத்தளம் ‘தொம்’ என்று விழுந்தவுடன் கருவி அஞ்சி ஒலியைத் தணிக்க, அந்நேரம் பாடுவோன் குரலும் அமுங்கிப்போகும். அடி ஓய்ந்ததும் குரல் பொங்கி எழும். கேட்பவனுக்கு அண்ணாவியார் தடுமாறிப் பாடியதுபோல் தோன்றும். தடுமாறியது கருவி, பழி கலைஞனுக்கு! ஆதலால் அத்தானியக்கத்தை நிறுத்தக்கூடிய பதிகருவி வேண்டும். ஓர் ஊர்ச் சங்கமோ பாடசாலையோ சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்தால் ஊரெல்லாம் பயன்படுத்தலாம்.

பதியுமுன் கலைஞரை உரத்துப் பாடியும் அடித்தும் பார்க்கச்சொல்லி, மிக உரத்த அடியும் கருவி காட்டும் உச்ச எல்லைக்கு ஏறத்தாழ 12 டெசிபெல் கீழே நிற்குமாறு ஒலியளவை அமைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வரம்புக்குமேல் நீர் ஏறினால் வயல் அழிவதுபோல, எல்லைக்குமேல் ஏறிய ஒலி சிதைந்துவிடும். பின்னர் எந்த வித்தகராலும் அதனை முழுமையாகத் திருத்த இயலாது. குறைவாகப் பதிந்ததையோ பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

கூத்தைப் பதிவதற்கு ஓரிரவு போதாது. களரியைச் சுற்றி மக்கள். ஆடுவோன் வட்டமாய்ச் சுழல்கின்றான். குரல் ஒருகால் அருகிலும் ஒருகால் அகன்றும் ஒலிக்கின்றது. அது கூத்தின் இயல்பு. அதனை அவ்வாறே பதியவேண்டும். தலைக்கு மேலான உயரத்தில், கம்பொன்றின் நுனியில் இரு ஒலிவாங்கிகளை வைத்து முழு இரவையும் பதிக. இது முதற்பதிவு. மற்றொருநாள் பகலில், அமைதியான வீட்டுத் திண்ணையில், அண்ணாவியாரை இருத்தி ஒவ்வொரு தருவையும் தனிக்குரலிற் பாடச்செய்து பதிக. இது இரண்டாவது. பின்னர் மத்தளத்தை மட்டும், ஒவ்வொரு தாளக்கட்டையும் மெதுவாகவும் விரைவாகவும் அடிக்கச்செய்து, ஒலிவாங்கியை ஒரு கைநீளத் தொலைவில் வைத்துப் பதிக. இது மூன்றாவது. முதற்பதிவு கேட்போருக்கு, மற்றையிரண்டும் கற்போருக்கு.

சட்டங்கொடுத்த நாள் தொடங்கிச் சதங்கை அணியும் நாள், அரங்கேற்ற நாள் எனப் படிப்படியாகப் பதிந்துவந்தால், கூத்தை மட்டுமன்று, கூத்தைப் பழக்கும் முறையையும் காத்தவராவோம். அண்ணாவியார் இளைஞன் ஒருவனைத் திருத்தும்போது சொல்லும் ஒரு சொல்லில் பத்துப் பக்க ஆராய்ச்சி அடங்கியிருக்கும்.

வயல்வெளியிற் பதிவோர் காற்றை மறவாதீர். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இடாவிட்டால் வாடைக்காற்றின் உறுமல் ஒன்றே மிஞ்சும். மின்பிறப்பாக்கியை எட்டி வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் பெயர், அடிப்பவர் பெயர், ஊர், நாள், பாட்டின் பெயர், அதை அவர் யாரிடம் கற்றார் என்பதை வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். பெயரெழுதாத மூட்டையில் எந்நெல் என்று அறிவார் யார்?

இன்னொன்றும் சொல்வேன். இக்காலக் கணினியில் குரலைச் சுரத்துக்கு இழுத்து நிறுத்தும் கருவியொன்று உண்டு. பெட்டியிசைக் கட்டைகளின் பன்னிரண்டு சுரங்களுக்குள் அது எல்லாக் குரலையும் அடைத்துவிடும். நம் கவியும் ஒப்பாரியும் அக்கட்டைகளுக்கு இடையிலும் உலாவுபவை. அடிகள் நுணுகி நுணுகி எண்ணிய சுரநிலைகளை ஒரு பொத்தானை அழுத்தி அழிப்பது அறிவுடைமையாகுமா? விற்பதற்கென ஆக்கும் பாட்டில் வேண்டியதைச் செய்யுங்கள். மூலப்பதிவை மட்டும் தொடாதீர்கள்.

காப்பது எங்ஙனம்

மூலப்பதிவே விதைநெல். அதைச் சுருக்காமற் காக்கவேண்டும். விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்ற அளவில், இருவழி ஒலியாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் இடம் பிடிக்கும். இணையத்திற் பரவும் சுருக்கிய கோப்போ அதே ஒரு மணி நேரத்தை 60 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். அந்தச் சுருக்கம் பதரை மட்டும் தூற்றுவதன்று. நெல்லிலும் ஒரு பகுதி பறக்கின்றது. கேட்பதற்கு அது போதும், காப்பதற்குப் போதாது.

படிகள் மூன்று வேண்டும். ஒன்று ஊரிலே, ஒன்று வேறுவகைக் கருவியிலே, ஒன்று வெள்ளம் எட்டாத தொலைவிலே. சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்றவேண்டும். வீடுகளில் பழைய ஒலிநாடா வைத்திருப்போர் இனியும் தாழ்த்தாதீர். வாவிக்கரை ஈரம் நாடாவிற் பூஞ்சணம் பூக்கச்செய்யும். பூஞ்சணம் கண்ட நாடாவைப் பழைய கருவியிற் போட்டுச் சுழற்றிப் பார்க்கவேண்டாம். அறிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூலையும் இதழையும் எண்ணிமப்படுத்தி உலகுக்குத் திறந்துவைத்துள்ளது. ஒலி ஆவணங்களையும் ஏற்கின்றது. வழி அடைந்துபோகவில்லை.

‘பதிந்து பெட்டியில் வைத்தால் கலை வாழுமா?’ என்று இங்கே பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கன்னொறுவையில், 1988 இல் நிறுவப்பெற்ற பயிர் மரபுவள நிலையத்தைப் பற்றி விவசாயப் போதனாசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நம் பழைய நெல்வகைகளின் விதைகள் அங்கே குளிரறையிற் காக்கப்படுகின்றன. ஆனால் அவ்விதையும் என்றென்றும் உறங்கினால் முளைக்காது. காலந்தோறும் எடுத்து நட்டுப் புதுவிதை கொள்ளவேண்டும். பதிவும் அவ்வாறே. களரியில் ஆடாத கூத்தைப் பெட்டி காப்பாற்றாது. களரியில் ஆட விரும்பும் பேரனுக்குப் பெட்டி துணை நிற்கும். மேலும், ஒரே அண்ணாவியாரின் பாட்டைப் பதிந்து ‘இதுவே சரி’ என்று நிறுத்திவிடவும் கூடாது. ஊருக்கு ஊர் மெட்டு வேறுபடும். ஒரே நெல்லை நாடெங்கும் விதைத்தால் ஒரே நோய் எல்லாவற்றையும் அழித்துவிடும் அல்லவா?

பத்துச் சில்லிங் பாட்டு

இனி உரிமைக்கு வருகின்றேன். தென்னாபிரிக்காவில் சொலமன் லிண்டா என்றொரு சூலு இனப் பாடகர் இருந்தார். 1939 இல் யோகன்னசுபேர்க்கில் அவர் பாடிய ‘ம்புபே’ என்ற பாட்டு இசைத்தட்டாகியது. அதன் உரிமையைப் பத்துச் சில்லிங்குக்கு அவர் எழுதிக்கொடுத்தார். அப்பாட்டு அமெரிக்கா சென்று வேறு சொல் பூண்டு, உலகெல்லாம் ஒலித்து, சிங்கத்தின் கதை கூறும் திரைப்படத்திலும் இடம்பெற்றது. ஈட்டிய பொருள் பெருவெள்ளம். லிண்டாவோ 1962 இல் ஏழையாக இறந்தார். அவர் பெண்மக்கள் வழக்காடி, 2006 இல் உடன்பாடு கண்டபின்னரே குடும்பத்துக்கு உரிய பங்கு கிட்டியது.

அது அயல்நாட்டுப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2021 இல் தமிழகத்தில் வெளியாகி, ஒப்பாரியின் சாயலும் நிலமற்ற உழைப்பாளரின் குரலும் கலந்து, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’யை உங்கள் பிள்ளைகள் அறிவர். 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டால் தமக்கும் பாடிய கலைஞருக்கும் வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். புகழ்பெற்றோரின் நிலையே இதுவாயின், படுவான்கரையிலே உடுக்கடித்துப் பாடும் முதியவரின் நிலை யாது?

இங்கும் கண்டிருக்கின்றேன். கருவியோடு ஒருவர் வருகின்றார். தேநீர் குடித்து, ‘ஐயா, உங்கள் கலையை உலகறியச் செய்வேன்’ என்கின்றார். இரவெல்லாம் பதிகின்றார். ஆயிரம் ரூபா கையில் வைக்கின்றார். சில திங்கள் சென்றபின் அதே மெட்டு, முரசும் மின்கருவியும் சேர்ந்து, வேறொருவர் பெயரில் இணையத்தில் உலாவுகின்றது. அதனைத் தம் ஆக்கமென்று பதிவு செய்துகொண்டதால், ஊரார் தங்கள் கோயிற் சடங்கைத் தாங்களே இணையத்தில் ஏற்றும்போது ‘இவ்விசை பிறருடையது’ என்று இயந்திரம் தடுக்கின்றது! தன் வயலிலே தானே நாற்றுநட அயலானிடம் அனுமதி கேட்கும் நிலை இது.

சட்டம் உண்டு

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டிலே நடைமுறையில் இருக்கின்றது. பாடுவோர், ஆடுவோர், வாசிப்போர் ஆகியோரின் நிகழ்ச்சியை அவர் அனுமதியின்றிப் பதியலாகாது என்று அச்சட்டம் கூறுகின்றது. அவ்வுரிமை 50 ஆண்டுகள் நிலைக்கும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதிலே காப்பு உண்டு: மரபுவழிச் சூழலுக்கு வெளியே வணிகத்துக்காகப் பயன்படுத்துவோர் உரிய அதிகாரியின் அனுமதி பெறவேண்டும், எந்தச் சமூகத்திலிருந்து, எவ்விடத்திலிருந்து பெற்றது என்பதையும் குறிப்பிடவேண்டும்.

ஏட்டிலே இருக்கும் சட்டம் வாயிலைத் தட்டி உதவி செய்யாது. நாம்தான் கேட்கவேண்டும். பதிய வருபவரிடம் ஒரு தாளை நீட்டுங்கள். அதிலே ஐந்து வரி போதும்: யார் பாடினார், எதற்காகப் பதியப்படுகின்றது, விற்றால் கலைஞருக்கும் ஊருக்கும் பங்கு எவ்வளவு, மூலப்பதிவின் படி எத்தனை நாளில் ஊருக்கு வரும், பெயர் எவ்வாறு எழுதப்படும். கைச்சாத்திட மறுப்பவர் நல்லெண்ணத்துடன் வந்தவரல்லர். இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளை ஒன்று வேண்டுகின்றேன்: அத்தாளை எளிய தமிழில் எழுதி ஊர்தோறும் கொடுங்கள். அதைவிடப் பெரிய தமிழ்த்தொண்டு இன்றில்லை.

தாய்மாரின் பாட்டில் மேலும் ஒரு கவனம் வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் வீட்டின் உள்ளிருந்து வருபவை. செத்த வீட்டில் அழும் தாயின் குரலைக் கேளாமற் பதிந்து ஊருக்குக் காட்டுதல் களவினும் கொடிது. அவர் மனமொத்துப் பாடினாற் பதிக. வெளியிடவேண்டாம் என்றால் பூட்டி வைக்க.

பறையடிப்போர் பெயர்

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாது விடுவேனாயின் நான் நேர்மையற்றவன். நம் கோயிற் சடங்கும் ஊர்வலமும் பறைமேளமின்றி நடவா. ஆனால் அதனை அடிப்போரை நாம் எங்கே நிறுத்தினோம்? எத்தனை திருவிழா அழைப்பிதழில் அவர் பெயர் இருந்தது? இழிவு கண்டு மனம் நொந்து, ‘என் மகன் இதைத் தொடவேண்டாம்’ என்று மேளத்தைக் கட்டிவைத்த தந்தையரை நான் அறிவேன். அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. அவர் கையிலுள்ள தாளக்கட்டுகள் மிகுந்த நுட்பமுடையவை. அவற்றைப் பதிய விரும்பினால் முதலிலே அவரை முன்வரிசையில் இருத்துங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கூலியை மதிப்புடன் கொடுங்கள். மனிதனை இகழ்ந்துகொண்டே அவன் கலையைப் போற்றுவது போலித்தனம். தமிழ் இனத்தின் உரிமை பேசும் நாம், நம்முள்ளே உரிமை மறுக்கப்பட்டோரின் பெயரை எழுதத் தயங்குவோமாயின் நம் பேச்சை எவர் மதிப்பார்?

பள்ளியும் பல்கலைக்கழகமும்

இங்கிருந்து சில மைலில், வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1981 இல் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமானது. கல்லடியிலே அடிகளின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. இசையும் நடனமும் நாடகமும் கட்புலக் கலையும் தொழில்நுட்பக் கலையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. கருவியறிந்த மாணவர் ஒருபால். பாட்டறிந்த பெரியோர் மறுபால். இடையிலே ஒரு பேருந்துப் பயணம். மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஒரு கலைஞரின் பாட்டை முறைப்படி பதிந்து, ஒருபடியை நிறுவகத்துக்கும் ஒருபடியை அக்கலைஞரின் ஊருக்கும் கொடுக்கவேண்டும் என்ற ஒரு விதி போதும்; பத்தாண்டில் பெருங்களஞ்சியம் திரண்டுவிடும்.

பாடசாலையிலே கர்நாடக இசையும், நாடகமும் அரங்கியலும் பாடங்களாக உள்ளன. உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பத் துறையும் உண்டு. கர்நாடக இசையை நான் குறைகூறவில்லை. அது நம் செல்வம். எனினும் தியாகராசரைக் கற்கும் பிள்ளை தன் தெருவிலுள்ள அண்ணாவியாரின் பெயரை அறியாதிருப்பது கல்வியாகுமா? வாரத்தில் ஒருமணி அவரைப் பாடசாலைக்கு அழையுங்கள். வேட்டியுடன் வந்தாலும் ஆசிரியருக்குரிய கதிரையைக் கொடுங்கள். ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

செய்யவேண்டியவை

சுருங்கச் சொல்கின்றேன். அரசினரிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று: இலங்கை வானொலியின் களஞ்சியத்திலுள்ள கிழக்கிலங்கைத் தமிழ்ப் பதிவுகளின் படிகள் நம் பல்கலைக்கழகத்துக்குத் தரப்படவேண்டும், நம் குரலைக் கேட்க நாம் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. இரண்டு: மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் விழாவுக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பதிகருவிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கவேண்டும். மூத்த கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். அவர் வீட்டுக் கூரை ஒழுகுகின்றது. மூன்று: நாட்டார் கலையின் காப்புக்கான சட்டப்பிரிவு தமிழ் ஊர்களிலும் தமிழ்மொழியிலும் நடைமுறைக்கு வரவேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருந்தால் இங்குள்ள முதியோரில் எத்தனைபேர் இருப்பர்? ஆகவே நம்மால் இயன்றதை நாமே தொடங்குவோம். வட்டைக்கு ஒரு குழு இருப்பதுபோல் குரலுக்கும் ஒரு குழு அமையட்டும்: ஓர் ஆசிரியர், ஓர் அண்ணாவியார், கருவி தெரிந்த இரு இளைஞர், கணக்கெழுத ஒருவர். அறுவடையில் வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் கொடுத்தால் பதிகருவி வந்துவிடும். இந்த ஆண்டு ஊரின் மிக மூத்த ஐவரைப் பதியுங்கள். அடுத்த ஆண்டு அடுத்த ஐவர்.

இவ்வவையின் பின்வரிசையிலே இளைஞர் பலர் நிற்கின்றனர். தம்பிமாரே, தங்கைமாரே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பப்பாவையோ அம்மம்மாவையோ அருகில் இருத்தி, அவருக்குத் தெரிந்ததைப் பாடச்சொல்லிக் கேளுங்கள். பாடி முடித்து ‘போதுமா?’ என்று அவர் கேட்பார். நான் அன்று ‘போதும்’ என்றேன். நீங்கள் ‘இன்னுமொன்று’ என்று கேளுங்கள்.